வருஷம் திரும்பும் முன்னே ஒரு வருஷப் பூசை

சுண்ணாம்பு வாசனை நகக்கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவியும் போகவில்லை. உன் கல்லறைக்குப் பூசியதுதான். போன வாரம் உன் பூசைக்காக ஒரு பூச்சு பூசியாயிற்று; அதுவே போதும். ஆனால் இன்று காலை என்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு பூச்சு பூசிவிட்டு வந்துவிட்டேன். கோயில் உபதேசியார் பார்த்துவிட்டு, என்ன, கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி அடிக்கிறாய் என்று கேட்டார். நான் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது.

இப்போது மாதா கெபி இருக்கிற ரோட்டு வளைவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எஸ்டேட் லயத்து வீடுகளுக்குள் போன் எடுக்காது என்பது உனக்குத் தெரியாததா? இந்த வளைவில்தான் கொஞ்சம் கிடைக்கும். கீழே பவர்ஹவுஸ் குழாய்கள் பனிக்குள் பாதி தெரிகின்றன, பாதி தெரியவில்லை. உன் மகள் அமலி நேற்று நெடும்பாசேரியில் விமானம் ஏறினாள். இந்நேரம் அமெரிக்காவில் இறங்கியிருக்க வேண்டும். அங்கே வாசலில் உட்கார்ந்திருக்கிற அதிகாரி அவளை உள்ளே விடுவானா, திருப்பி அனுப்புவானா என்பது ஒன்றுதான் இப்போது என் தலைக்குள் ஓடுகிறது. அழைப்பு இன்னும் வரவில்லை. உனக்கென்ன, நீ நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டாய். போனைப் பார்த்துப் பார்த்துச் சாகிறவள் நான்.

சுண்ணாம்பு என்றாலே எனக்கு உன் கடைசி நாள் ஞாபகத்துக்கு வரும். நீ செத்த நாளைச் சொல்லவில்லை. லயத்து வீட்டை நீ காலி செய்த நாளைச் சொல்கிறேன். அந்த வீடு நம்முடையது இல்லை என்று நமக்கு எப்போதுமே தெரியும். எஸ்டேட்டின் ஆள் பதிவில், அந்தச் செக்ரோலில், பேர் இருக்கிற வரைக்கும்தான் கூரை. வேலையிலிருந்து நின்றுவிட்டால் பிள்ளைகளில் ஒருவர் அதே வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் என் மகன் பேரைக் கொடுத்தேன். அவன் இன்றைக்கும் ஃபேக்டரியில் இலை வாட்டுகிறான். நானும் அந்த வீட்டிலேயே இருக்கிறேன். நீ அமலி பேரைக் கொடுக்கவில்லை. எத்தனை பேர் சொன்னோம்! ஒரு கையெழுத்துத்தானே, அவள் படிக்கிற வரைக்கும் எப்படியாவது ஓட்டிக்கொள்ளலாம் என்று நானே உன்னிடம் சண்டை போட்டேன். "ஒரு தடவ அந்த ரோல்ல பேர் ஏறிட்டா அவ கால் இங்கயே வேர் விட்டுரும்ட்டி" என்று சொல்லிவிட்டு நீ பேச்சை மாற்றிவிட்டாய்.

சாவி கொடுக்கிற நாளுக்கு முந்தின நாள் உன் வீட்டுக்கு வந்து பார்த்தால் நீ முக்காலி மேல் நின்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறாய். சாமான் எல்லாம் மூட்டையாக வாசலில் கிடக்கிறது. எனக்கு வந்ததே கோபம். விரட்டுகிறவன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா என்று கத்தினேன். நீ முகத்தைக்கூடத் திருப்பாமல் சொன்னாய்: "நாளைக்கு வாறவ கைப்பிள்ளையோட வருவா. கரி பிடிச்ச சுவத்தையா பாப்பா?" நான் திட்டிக்கொண்டே இன்னொரு மட்டையை எடுத்துச் சுண்ணாம்பில் முக்கினேன். அமலி அப்போது கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாள். நீ சுண்ணாம்பு அடித்தது அவளுக்குத் தெரியாது.

அவள் லேப் படிப்பு படித்து, கொழிஞ்சாம்பாறைக்காரரைக் கட்டிக்கொண்டு, அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த வேலைத் தாளில் அந்த நாட்டுக்குப் போனாள். அவள் பேரில் இருக்கிற அந்தத் தாளில்தான் அவள் வீட்டுக்காரரும் பிள்ளையும் அங்கே இருக்கிறார்கள். இங்கே உன் பேரில் ஒரு வீடு இருந்தது. அங்கே அவள் பேரில் மூன்று பேருடைய இருப்பு இருக்கிறது. நீ பஜாரில் வாடகை அறையில் இருந்துகொண்டு, போனில் அவள் முகத்தைப் பார்த்து, பனியில் தொப்பி போடு என்று அதட்டிக்கொண்டிருந்தாய். போன ஜனவரியில் போய்விட்டாய். அவளால் வர முடியவில்லை. வருஷப் பூசைக்குக் கட்டாயம் வருகிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

கல்லறைத் திருநாளுக்கு உனக்கு மெழுகுதிரி கொளுத்தி வைத்து நாலைந்து நாள் இருக்கும். அமெரிக்காவில் ஜனாதிபதி யார் என்று முடிவு வந்தது. இங்கே நம் ஆட்களைப் பார்த்திருக்க வேண்டுமே நீ! பஞ்சாயத்துத் தேர்தலில்கூட இவ்வளவு பேசியதில்லை. நான் இப்போதும் தற்காலிக ஆளாகக் கொழுந்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். மத்தியானம் நிறுவைக் கொட்டகையில் கங்காணி தராசைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இனி யுத்தமெல்லாம் நின்றுவிடும் என்கிறான் அவன். தேயிலை விலை ஏறும் என்று ஒருத்தி, இறங்கும் என்று இன்னொருத்தி. பையன்கள் பரோட்டாவுக்குப் பந்தயம் கட்டியிருந்தார்கள். தோற்றவன் முகம் தொங்கிப்போய் நின்றான். யார் வந்தால் என்ன, நம் கூடைக்குக் கொழுந்து தானாகவா வந்து விழப்போகிறது என்று சிரித்தார்கள் சில பேர். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு ஒட்டவில்லை.

சாயங்காலம் பஜாரில் ஜோய் சேட்டன் கடைக்குப் போனேன். கொச்சியைத் தாண்டாத மனுஷன், தானே போய் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார். நல்ல பலமுள்ள ஆள் வந்திருக்கிறான், நாடு நேராகும், சேச்சிக்கு இன்று டீ சும்மா என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. உங்களைக் கடையைக் காலி செய்யச் சொல்கிற அளவுக்குப் பலமுள்ளவன் ஒருத்தன் வந்தால் அன்றைக்கும் டீ சும்மா கொடுப்பீர்களா என்று கேட்டுவிட்டேன். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், அவருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்றே புரியவில்லை. டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

நம் பொன்னுத்தாய்க்குப் புரிந்தது. நம்மோடு அடுத்த நிரையில் கொழுந்தெடுத்தவள்தான், அதே பொன்னுத்தாய். அவளுக்கு விசா என்றால் என்னவென்று தெரியாது. மறுநாள் கொட்டகையில், அமலிக்காக நான் ஏன் பயப்படுகிறேன் என்று கேட்டாள். அங்கே வேலை இருக்கிற வரைக்கும்தான் இருக்கலாம், வேலை போனால் கொஞ்ச நாளில் மூட்டை கட்ட வேண்டும், புதிதாக வருகிறவர் சட்டத்தை இன்னும் இறுக்குவார் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள் என்று சொன்னேன். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அப்ப அதுவும் லயந்தானா?" என்றாள். அதற்குப் பிறகு கொட்டகையில் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

அமலி அந்த வாரமே கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி வக்கீல் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னாராம்: புது ஆள் ஜனவரியில் பதவி ஏற்கிறார், அதன் பிறகு என்ன உத்தரவு வரும் என்று தெரியாது, தாளில் இருக்கிறவர்கள் யாரும் நாட்டை விட்டு வெளியே போகாதீர்கள், போயே ஆக வேண்டுமென்றால் அதற்கு முன்பே திரும்பி வந்துவிடுங்கள் என்று. அவள் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை வேறு காலாவதி ஆகிவிட்டிருந்தது. இங்கே வந்தால் சென்னைக்குப் போய்ப் புது முத்திரை வாங்கினால்தான் திரும்ப முடியும். உன் வருஷமோ ஜனவரிக் கடைசியில் வருகிறது. செத்த நேரத்தைப் பார் உனக்கு! "நீங்களே சொல்லுங்க சித்தி, வரவா, வேண்டாமா?" என்று கேட்டாள், நான் உன் கூடப் பிறக்காதவள் என்றாலும் என்னைச் சித்தி என்றே கூப்பிட்டு வளர்ந்தவள். சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

மறுநாள் உன் சம்பந்தி ஆரோக்கியசாமி கொழிஞ்சாம்பாறையிலிருந்து கூப்பிட்டார். கோபமில்லை, குரலில் நடுக்கம்தான் இருந்தது. "ஏனுங்கம்மா, புள்ளைய வரச் சொல்லிப்போடாதீங்க. அவ பேர்லதானுங்க எம் பையனும் பேரனும் அங்க இருக்கறாங்க. அவ இங்க மாட்டிக்கிட்டா மூணு பேரும் நடுத்தெருவுல நிக்கோணுமுங்க." நான் சொன்னால் அவள் கேட்பாள், அதனால்தான் என்னைக் கூப்பிட்டாராம். தென்னந்தோப்பை அடமானம் வைத்து மகனை அனுப்பின மனுஷர். அவர் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. சரிங்க, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்கு அடுப்பில் சோறு குழைந்துபோனது.

யோசிக்க யோசிக்க உன் அப்பாவின் சாவில் போய் நின்றது மனசு. நீயும் அப்போது தற்காலிக ஆள். சங்கரன்கோவில் பக்கத்து உன் ஊரிலிருந்து ஆபீசுக்குப் போன் வந்தது. நிரந்தர ஆட்களில் உன் பேர் ஏறுகிற சமயம். இப்போது லீவு போட்டால் பேர் தள்ளிப் போய்விடும் என்று ஃபீல்டு ஆபீசர் சொல்லிவிட்டார். நீ போகவில்லை. என் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து எடுத்தாய். அழுதாயா என்றுகூடத் தெரியவில்லை, மழை பெய்துகொண்டிருந்தது. "அப்பா கோவிச்சுக்க மாட்டாரு. தொரைதான் கோவிச்சுக்குவாரு" என்றாய். பேர் ஏறியது. வீடு கிடைத்தது. பிறகு லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாய்.

திரும்பி வந்து நீ சொன்னது எனக்கு மறக்காது. கல்லறைத் தோட்டத்தில் மண்மேடெல்லாம் அமுங்கிப் போயிருந்ததாம். சிலுவை எதுவும் நட்டிருக்கவில்லையாம். உன் அண்ணன் இரண்டு மேட்டைக் காட்டி, இதில் ஒன்றுதான் என்றாராம். இரண்டுக்கும் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாய். "ஒண்ணு எங்கப்பா, இன்னொண்ணு யாரோ பாவம்" என்று சொல்லிச் சிரித்தாய். சிரித்துவிட்டு அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சாப்பிடவில்லை. எனக்குத் தெரியும், உன் தட்டை நான்தான் கழுவினேன்.

அமலி வந்தாக வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஆனால் ஆரோக்கியசாமி சொன்னதும் நிஜம். கெபி படியில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டுகிறேன், மனசு ஜெபத்தில் இல்லை. அப்போதுதான் தோன்றியது. மலைக்குப் பின்னாலிருந்து மழை ஏறி வருகிறதென்றால் நேரத்துக்கு முன்னாலேயே நிறுவை போட்டு முடித்துவிடுவதில்லையா நாம்? வருஷப் பூசையை டிசம்பரில் வைத்துவிட்டால் என்ன?

பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். அவருக்கு ஒரு தடையும் இல்லை. தடையெல்லாம் நம் பெண்டுகளிடம்தான். வருஷம் முடியாமல் வருஷப் பூசையா, கேள்விப்பட்டதே இல்லை, செத்தவளை வெரட்டுகிற மாதிரி இருக்கிறது என்று லயம் முழுக்கப் பேச்சு. நான் விடவில்லை. அவள் கோபித்துக்கொண்டால் என்னிடம்தான் கோபித்துக்கொள்வாள், உங்களுக்கென்ன வந்தது என்று கேட்டேன். உபதேசியாருக்குத்தான் தர்மசங்கடம். எப்படி வாசிப்பது என்று தெரியாமல் கடைசியில், வருஷம் திரும்ப இருக்கிற இன்னாருக்காக என்று கோயிலில் அறிவித்தார். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் நீதான் முதலில் சிரித்திருப்பாய்.

ஆரோக்கியசாமியிடம் நானே பேசினேன். புது ஆள் பதவி ஏற்பதற்கு முன்பே அவளைத் திருப்பி அனுப்பி வைக்கிறேன் என்று சொன்னேன். ஏதோ என் கையில் இருக்கிற மாதிரி! கடைசியில் அவர், "உங்க பேச்ச நம்பித்தானுங்க உடறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தை அன்றிலிருந்து என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது.

அமலி தனியாகத்தான் வந்தாள். வந்ததும் நேரே சென்னை. பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு என் வீட்டுக்கு வந்து, அது திரும்பி வருமா என்று காத்திருந்த நாட்களில் அவளும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. தினமும் காலையில் அவளுக்கு முன்பே நான் எழுந்து இந்த வளைவுக்கு வந்து நின்றேன். முத்திரை விழுந்து வந்துவிட்டது என்று தெரிந்த அன்று ஜோய் சேட்டன் கடைக்குப் போய் நானாகவே டீ வாங்கிக் குடித்தேன். பிள்ளை நல்லபடியாகத் திரும்பிப் போய்ச் சேரட்டும் என்று மட்டும் சொன்னார். மனுஷர் நல்லவர்தான்.

பூசைக்கு முந்தின நாள் நானும் அவளும் உன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தோம். அவள் உன்னை மாதிரியே மேலிருந்து கீழே அடிக்கிறாள். அடித்துக்கொண்டே, யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னாள்: "அங்க கிளம்புற அன்னைக்கு அடுப்படிச் சுவரெல்லாம் தேய்ச்சுக் கழுவிட்டு வந்தேன் சித்தி. அவரு துணியையும் பிள்ளை துணியையும் ரெண்டு பெட்டியில அடுக்கி வாசல்கிட்ட வச்சிருக்கேன். என்னத் திரும்ப விடலைன்னா அவுக எதையும் தேடிக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல."

என் கை நின்றுவிட்டது. நீ முக்காலியில் நின்றதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. நீயும் சொல்லியிருக்க மாட்டாய். பிறகு இந்தப் பிள்ளை இதை எங்கே கற்றுக்கொண்டது? எந்த வேர் விட்டுவிடக் கூடாது என்று நீ அந்த வீட்டையே விட்டாயோ, அது அவளோடு கடல் தாண்டிப் போயிருக்கிறது. உன் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையாகவும் வந்தது. மட்டையை வாளியில் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேர் துணியும் சுண்ணாம்பாகிப்போனது.

பூசைக்கு ஆரோக்கியசாமி ஒரு சாக்கு இளநீரோடு பொள்ளாச்சி வழியாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார். கல்லறை முன்னால் நின்று மருமகளுக்குத் தெரியாமல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேற்று நெடும்பாசேரிக்கு அவர்தான் கூடப் போனார். நான் போகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் போவதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

இவ்வளவு எழுதுவதற்குள் பனி விலகி, குழாய்கள் முழுசாகத் தெரிய ஆரம்பித்துவிட்டன. சற்று முன்னால் போன் அடித்தது.

"உள்ள விட்டுட்டாங்க சித்தி."

நேரமானதற்குக் காரணம் கேட்டாயானால் சிரிப்பாய். எதற்குப் போனாய் என்று அதிகாரி கேட்டானாம். அம்மாவுக்கு வருஷப் பூசை என்று சொன்னாளாம். அம்மா எப்போது இறந்தார் என்று கேட்டிருக்கிறான், சொல்லியிருக்கிறாள். அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, இன்னும் வருஷம் ஆகவில்லையே என்று அவள் முகத்தையே பார்த்தானாம். நம் பெண்டுகள் கேட்ட அதே கேள்வி, பார்! எங்கள் சித்திதான் முன்னாலேயே வைத்துவிட்டார்கள் என்றாளாம். ஏன் என்று கேட்டானாம். உங்களுக்குப் பயந்துதான் என்று சொல்ல முடியுமா? எங்கள் மலையில் மழைக்கு முன்னால் முடித்துவிடுவது வழக்கம் என்று ஏதோ சொல்லியிருக்கிறாள். அவன் இன்னும் கொஞ்ச நேரம் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு முத்திரை குத்திவிட்டானாம்.

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். கொழிஞ்சாம்பாறைக்கு உடனே சொல்லிவிடு என்றேன். பிறகு, "வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா அந்தப் பெட்டியப் பிரிச்சிரு" என்று சொன்னேன்.

அந்தப் பக்கம் பெட்டி உருளுகிற சத்தம் கேட்டது.

"இல்ல சித்தி. அது அங்கயே இருக்கட்டும். இனிமேதானே அந்தப் புது ஆளு பதவிக்கு வாறாரு."

சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவளிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். என் நகத்தில் இருக்கிறது முழுக்க உன் கல்லறைச் சுண்ணாம்பு இல்லை. நேற்று அவள் கார் வளைவைத் தாண்டிப் போன பிறகு, என் வீட்டு உள்ளறைச் சாமானையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, கரி பிடித்த சுவர் முழுவதும் வெள்ளையடித்தேன். மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம். என் மகன் பேர் செக்ரோலில் இருக்கிற வரைக்கும் அந்த அறை அவர்களுக்கு இருக்கிறது.